நுண்நெகிழியை எங்கே மறிப்பது? வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

5 மில்லிமீட்டரைவிடச் சிறிய பிளாஸ்டிக் துணுக்கு எல்லாமே நுண்நெகிழிதான். அதைக் கட்டுப்படுத்தப் பல வழிகள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்டால் தராதரம் தெரிந்துவிடும்: எந்த இடத்தில் பிடிக்கிறது? பிடித்தது அப்புறம் எங்கே போகிறது?

அதிகம் பேசப்படுவது கடலில் வலை போட்டு அள்ளுவது. வட பசிபிக் குப்பைத் திட்டில் 1.8 லட்சம் கோடி துண்டுகள் மிதப்பதாக 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் அவற்றில் 94 சதவீதம் நுண்நெகிழி; எடையிலோ 8 சதவீதம் மட்டுமே. வலையில் சிக்குவது மீதி எடைக்குக் காரணமான பெரிய, கனமான துண்டுகள். அதுவும் தேவையான வேலைதான், ஏனென்றால் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி நாளைக்கு நுண்நெகிழியாகப் போவது அவைதான். ஆனால் ஏற்கெனவே பொடியானதை வலையால் அள்ள முடியாது. கண்ணியைச் சிறிதாக்கினால் மிதவை உயிரிகளும் சேர்ந்து அழியும்.

மட்கும் பிளாஸ்டிக் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ‘மட்கும்’ என்று அச்சிட்ட பையை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 ஆண்டுகள் மண்ணிலும் கடல்நீரிலும் போட்டுவைத்தார்கள். எடுத்துப் பார்த்தபோது அது சாமான் சுமக்கும் அளவுக்கு உறுதியாகவே இருந்தது. பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியாவும் அப்படித்தான்: ஆலைத் தொட்டிக்குள் உதவலாம், கடலெங்கும் சிதறிய துகளைத் தேடிப் போகாது.

உண்மையான போட்டி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வாஷிங் மெஷின் ஃபில்டருக்கும் இடையேதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர் அருகே ஒரு சுத்திகரிப்பு நிலையம் நுண்நெகிழியில் 98 சதவீதத்தை நீக்குவதாக 2016இல் கண்டறிந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீதியிருந்த சொற்பமே நாளொன்றுக்கு 6.5 கோடி துணுக்குகளாக ஆற்றில் கலந்தது. நீக்கிய 98 சதவீதமும் காணாமல் போய்விடவில்லை. பெரும்பகுதி கசடில் தங்குகிறது. பல நாடுகளில் அந்தக் கசடைத்தான் உரமாக வயலில் கொட்டுகிறார்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுத்ததை மண்ணுக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

ஃபில்டர் அதற்கு முன்பே மறிக்கிறது. அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணி 6 கிலோவை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உதிரலாம். கனடாவின் பாரி சவுண்ட் என்ற சிறு நகரில் 97 வீடுகளின் வாஷிங் மெஷின்களில் ஃபில்டர் மாட்டினார்கள். அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த வீடுகளில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் நுண்ணிழைகள் சராசரியாக 41 சதவீதம் குறைந்தன. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளிக்குழாயில் பொருத்தும் ஒரு ஃபில்டர் 87 சதவீத இழைகளைப் பிடித்த ஆய்வில், துணியோடு உள்ளே போடும் பந்து 26 சதவீதமே பிடித்தது. அப்புறம், ஃபில்டரில் சேரும் பஞ்சைக் குப்பைக்கூடையில்தான் போட வேண்டும். குழாயடியில் அலசினால் அது மறுபடி சாக்கடைக்கே போகும்.

சட்டத்தடை எளிது, பலன் சிறிது. முகம் கழுவும் பசைகளில் கலந்த பிளாஸ்டிக் நுண்மணிகளை அமெரிக்கா 2015 சட்டத்தின் மூலம் தடுத்தது. நல்ல முடிவு. ஆனால், நுண்துகளாகவே கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் அழகுப் பொருட்களின் பங்கு 2 சதவீதம்தான் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்-இன் 2017 அறிக்கை சொல்கிறது. செயற்கைத் துணி 35, டயர் 28.

அந்த டயரைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சாலையில் தேயும் டயர்த்துகளை மழைநீர் அடித்துச் செல்கிறது. பல இடங்களில் அதற்குச் சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது, வீட்டு ஃபில்டரும் கிடையாது. டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து, கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லும் நஞ்சாகிறது என்று 2020இல் தெரியவந்தது. சாலையோரம் மண்ணும் செடியும் கொண்ட மழைநீர்த் தோட்டங்கள் இதற்குக் கைகொடுக்கின்றன: அத்தகைய மண் வழியே வடிந்த நீரில் அந்த மீன்கள் பிழைத்தன. ஆனால் இங்கேயும் துகள் மண்ணில்தான் தங்குகிறது. ஆகவே தேய்மானத்தையே குறைப்பது இன்னும் மேல். டயர் தேய்மானத்துக்கு வரம்பு விதிக்கும் யூரோ 7 விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்றிருக்கிறது. கடல்வலைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும்.