புளூஆக்ஸெடினா, எஸ்சிட்டாலோபிராமா: பைபோலார் பெற்றோரின் பிள்ளைக்கு

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பைபோலார் (மனச்சோர்வும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சுமார் 10%, பொதுவாக 1–2%. ஆகவே 14 வயதுப் பிள்ளையின் மனச்சோர்வுக்கு புளூஆக்ஸெடின், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மருந்து தரும்போது முதல் கவலை, அது மேனியாவை (அந்த மிகை எழுச்சி நிலையை) தூண்டிவிடுமோ என்பதுதான்.

புளூஆக்ஸெடினுக்குச் சான்று வலுவானது. அமெரிக்காவில் 8 வயதிலிருந்தே அனுமதி. தொடக்கம் பெரும்பாலும் 10 மி.கி. உடலில் நீண்ட நாள் தங்குவதால் ஒரு நாள் மாத்திரையை மறந்தாலும் பாதிப்பு தெரியாது. அதே குணம்தான் சிக்கலும்: நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். கூடவே ரிஸ்பெரிடோன் (மேனியாவுக்குத் தரும் மருந்து) கொடுத்தால் அதன் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எஸ்சிட்டாலோபிராம் (12 வயது முதல்) ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெளியேறும். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல். இதை மேனியா என்று நினைத்துப் பதறுவோரும் உண்டு. குடும்பத்தில் மேனியா இருந்தால் எங்கள் சாய்வு இதன் பக்கமே, அதுவும் குறைந்த அளவில்.

எதுவானாலும் 25 வயதுக்குட்பட்டோருக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை உண்டு. சிறார் சோதனைகளில் போலி மாத்திரை எடுத்தோரில் 2% பேருக்கு இருந்த இது, மருந்து எடுத்தோரில் 4% ஆனது. முதல் மாதம் தூக்கத்தைக் குறித்து வையுங்கள். தூக்கமின்றிச் சோர்ந்தால் பெரும்பாலும் பக்கவிளைவு; மூன்று மணி நேரமே தூங்கியும் துள்ளினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போகிறீர்களா? அப்பாவின் பழைய மருந்துச் சீட்டு சேலத்திலோ வேலூரிலோ கிடந்தால் வரவழையுங்கள்; அவருக்கு லித்தியம் (பைபோலாருக்கான மருந்து) பலன் தந்ததா என்பது பிள்ளையின் சிகிச்சைக்கு நல்ல துப்பு. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல் தமிழிலும் பேசலாம்.