பேசும் பொம்மையா, பேசாத பாத்திரமா?

ஒரு வயது நிறையும் குழந்தைக்குப் பரிசு வாங்கக் கடைக்குச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது, பொத்தானை அழுத்தினால் எழுத்தைச் சொல்லி, மாடு போலக் கத்தி, வண்ண விளக்கு எரியும் பேட்டரிப் பொம்மைதான். ‘மூளை வளர்ச்சிக்கு ஏற்றது’ என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பக்கத்து அடுக்கில் மரக்கட்டைகளும் கடைசல் பொம்மைகளும் இருக்கும். பல நேரங்களில் விலை அதைவிடக் கூடுதல். வீட்டிலோ, இரண்டையும் தள்ளிவிட்டுக் குழந்தை அடுக்களையில் எவர்சில்வர் தம்ளர்களை உருட்டிக்கொண்டிருக்கும். இவற்றோடு அழுகையை நொடியில் நிறுத்திவிடும் கைப்பேசியையும் சேர்த்தால், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தையின் கற்றலுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு நான்கு போட்டியாளர்கள் வீட்டுக்குள் நிற்கிறார்கள்.

கைப்பேசியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. கண் கெட்டுவிடும் என்ற பொதுவான அச்சத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இதற்கு உண்டு. அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பழக்கிய பட்ரீசியா கூல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், எதிரே அமர்ந்து விளையாடிப் பேசிய மனிதரிடமிருந்து ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்ட குழந்தைகள், அதே மனிதர் அதே பொருள்களோடு திரையில் தோன்றிப் பேசியபோது எதையும் கற்கவில்லை. ஜூடி டெலோஷ் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்விலும், சொல் கற்பிப்பதாக விற்கப்பட்ட காணொளியை ஒரு மாதம் பார்த்த 12 முதல் 18 மாதக் குழந்தைகள், பார்க்காதவர்களைவிடக் கூடுதலாகக் கற்றிருக்கவில்லை. காணொளியே இல்லாமல் பெற்றோர் அன்றாடப் பேச்சினூடே அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகளே முன்னின்றனர். திரையில் பேசுபவர் குழந்தையின் ‘ம்?’ என்ற முனகலுக்காக நிற்பதில்லை. துபாயிலிருக்கும் அப்பாவோ ஊரிலிருக்கும் பாட்டியோ காணொளி அழைப்பில் வரும்போது நின்று பதில் சொல்கிறார்கள் என்பதால்தான், குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் அதற்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன.

பேட்டரிப் பொம்மையைப் பற்றிய தீர்ப்பு இவ்வளவு எளிதன்று. அது திரை அல்ல. கையில் பிடிக்கலாம், அழுத்தலாம், உருட்டலாம். ஆனால் அது பேசத் தொடங்கியதும் பக்கத்திலிருக்கும் பெரியவர் வாயை மூடிக்கொள்கிறார். அனா சோசா என்பவர் 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களின் விளையாட்டு நேரத்தை அவரவர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். முடிவுகள் 2016இல் அச்சாயின. பேசும் பொம்மைகளோடு விளையாடியபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 சொற்கள் பேசினர். கட்டை, புதிர்ப் பலகை போன்ற சாதாரணப் பொம்மைகளோடு 56. படப் புத்தகத்தோடு 67. குழந்தைகள் எழுப்பிய குரலும் பேட்டரிப் பொம்மையின் முன் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம் கூடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து காது கொடுத்தால் இதை எவரும் உறுதி செய்துகொள்ளலாம். பொம்மை ‘கௌ’ என்று சொல்லிவிட்ட பிறகு, ‘பால்கார அண்ணன் வீட்டு மாடு மாதிரியே இருக்கே’ என்று சொல்ல வேண்டியவர் பேசாமல் இருந்துவிடுகிறார். போதாக்குறைக்கு, அந்தக் குரல் பெரும்பாலும் வீட்டில் எவரும் பேசாத உச்சரிப்பில் ஆங்கில எழுத்துகளைச் சொல்கிறது. இன்னொரு குறை, ஒரு பொத்தானுக்கு ஒரே விளைவு என்பதாகும். முதல் வாரம் வியப்பாக இருப்பது மூன்றாம் வாரம் வெறும் இரைச்சலாகிவிடும். ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட பொம்மையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டால் மாடு, வீடு, கதவு எல்லாம் அங்கேயே இருக்கும். மாட்டுக்குக் குரல் கொடுக்கும் வேலை மனிதர்களுக்குத் திரும்பிவிடும். பொத்தான் வடிவப் பேட்டரி உள்ள எதையும், திருகாணி போட்ட மூடி இல்லாவிட்டால், வீட்டுக்குள் விடவே கூடாது. விழுங்கப்பட்ட அந்தப் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடும்.

மரப்பொம்மைகள் இந்த வகையில் அடக்கமானவை. கட்டை ஒருநாள் பேருந்தாகும், மறுநாள் சோப்பாகும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றப்படுபவை. கையில் வழவழப்பாக நிற்கும். ஆனால் சொப்புச் செட்டில் சின்னஞ்சிறு கரண்டியும் மூடியும் இருப்பதால், அது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களின் பொருள். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது என்பதையும் வாங்குமுன் நினைவில் வைக்கலாம். மரம் என்பதற்காகவே பெரிய செட்டாக வாங்கிக் குவிப்பது வீண். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 16 பொம்மைகள் இருந்த அறையைவிட 4 மட்டும் இருந்த அறையில் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பல விதமாக விளையாடினர். நான்கை வெளியே வைத்துவிட்டு மீதியைப் பரணில் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றினாலே போதும்.

இனி அடுக்களை. என் முதலிடம் இதற்குத்தான். கழுவிய இட்லித் தட்டு ஒன்றையும் நான்கைந்து எலுமிச்சம்பழங்களையும் ஒன்றரை வயதுக் குழந்தையின் முன் வைத்துப் பாருங்கள். முதலில் பழத்தை உருட்டிவிடும்; பிறகு ஒரு குழியில் வைக்கும், எடுக்கும், அடுத்த குழிக்கு மாற்றும். பழம் வைத்த குழியில் இன்னொன்றை வைக்கப் பார்க்கும், அது நிற்காது. ஒரு குழிக்கு ஒரு பழம் என்ற அந்த ஒழுங்குதான் பின்னால் வரும் எண்ணிக்கைக்கு அடிப்படை. காலியான அஞ்சறைப் பெட்டியும் அவ்வாறே: கிண்ணங்கள் அனைத்தும் அடங்கினால்தான் மூடி பொருந்தும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்ளருக்குள் தம்ளர் போகும், பெரியது சின்னதற்குள் போகாது.

பாத்திரங்களின் பெரிய பலம், அவை பெரியவரின் வேலைக்கு நடுவே இருக்கின்றன என்பதாகும். பொம்மையோடு உட்காரும்போது அப்பாவோ அம்மாவோ ‘விளையாட்டுக் காட்ட’ வேண்டியிருக்கிறது; சிறிது நேரத்தில் சலித்தும் போகிறது. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாடு இல்லை. ‘அந்தக் கிண்ணத்தை எடு கண்ணு, இதில்லை, சின்னது, ஆமாம், உள்ளே போடு’ என்று அவர் தமக்குத் தேவையானதையே பேசுகிறார். ஒன்றரை வயதில் பெருக்குவது போன்ற வீட்டு வேலைகளைப் பார்த்துச் செய்வதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வளர்ச்சிப் படிகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. கையில் துடைப்பத்தோடு நம் பின்னால் வரும் குழந்தையைத் தொந்தரவு என்று விரட்டுகிறவர்கள் சற்று யோசிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. அடுப்பும் குக்கரும் அரிவாள்மனையும் இருக்கும் இடம் அது. கீழ்த்தட்டு ஒன்றைக் குழந்தைக்கென ஒதுக்கி, கண்ணாடி, பீங்கான் இல்லாதவாறு செய்து, அடுப்பிலிருந்து எட்டி உட்கார வைத்தால்தான் இந்த யோசனை சரிப்படும். வாளித் தண்ணீரில் மொண்டு ஊற்றும் விளையாட்டை ஆள் இல்லாமல் அனுமதிக்கவே கூடாது. சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் தட்டு விழும் ஓசைக்குக் கீழ்வீட்டார் முகம் சுளிப்பதும் உண்டு. ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்தால் பாதி தீரும். அலுவலகம் முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு அடுக்களைக் கண்காணிப்பு ஒரு சுமைதான். அந்த நேரத்துக்கு நான்கு மரக்கட்டைகளே மேல்.

பொருளே வேண்டாத விளையாட்டும் ஒன்று இருக்கிறது: பருப்புக் கடைதல். பாட்டி குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, பிறகு நண்டு ஊர்வது போல விரல்களைக் கைமேல் நகர்த்திக்கொண்டு போவார். அக்குளுக்குச் சற்று முன் நிறுத்துவார். அடுத்து வரப்போவது தெரிந்து, குழந்தை முன்கூட்டியே சிரிக்கும். வரிசையையும் முறை மாற்றிப் பேசுவதையும் இதைவிட நன்றாகப் பழக்கும் பொம்மையை நான் கண்டதில்லை.

சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்ட வைக்கக் கூடாது. பொம்மைகளுக்கான பாதுகாப்புச் சோதனையில் கையாளப்படும் அளவு ஏறத்தாழ இதுதான். புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும் என்பதால் பல்லாங்குழி அதுவரை காத்திருக்கட்டும். குன்றிமணி மட்டும் எந்த வயதிலும் கூடாது. கடித்து விழுங்கினால் அதன் நஞ்சு உயிரைப் பறிக்கும் என்பதால், பழைய பல்லாங்குழிப் பெட்டியில் கிடந்தால் முதலில் அதை அப்புறப்படுத்திவிட வேண்டும்.