நுவரெலியாக் குளிருக்கு எந்த அடுப்பு?

மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடித்தால் மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி நேரே நுவரெலியாவில் கொண்டுபோய் விடும். கடல் மட்டத்தில் வேர்த்துக்கொண்டு வான் வண்டியில் ஏறியவர்கள் 1,868 மீற்றர் உயரத்தில் போய் இறங்குகிறார்கள். சனவரி, பெப்ரவரியில் அங்கே சில விடிகாலைகளில் புல்லில் உறைபனி பிடித்திருக்கும். கல்லடிக் கடற்கரையில் நன்றாக எரிந்த அடுப்பு மேலே போய் ஒரு கேத்தல் தண்ணீருக்கே திணறினால் எல்லோரும் அடுப்பைத்தான் திட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது டின்னுக்குள் என்ன காஸ் இருக்கிறது என்பதை.

பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற தட்டையான போர்ட்டபிள் காஸ் குக்கரை எடுங்கள். பக்கவாட்டில் நீட்டு டின்னைப் படுக்கவைத்துப் பூட்டுவோமே, அதுதான். விலை குறைவு, பெரிய சட்டியும் ஆடாமல் நிற்கும். ஆனால் அந்த டின்களில் பெரும்பாலும் இருப்பது வெறும் பியூட்டேன். அது கடல் மட்டத்தில் -0.5 பாகை செல்சியசில் கொதிக்கும். அதற்குக் கீழே போனால் ஆவியாகி வெளியே வராது, திரவமாகவே கிடக்கும். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சில பாகை கீழேயும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அப்படியென்றால் 5 பாகைக் குளிரில் ஏன் சுடர் சாகிறது? திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதை டின்னிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அடுப்பை முழுதாகத் திறந்து சில நிமிடம் எரித்துவிட்டு டின்னைத் தொட்டுப் பாருங்கள், கை சில்லிடும். வெளியே 5 பாகை இருக்கும்போதே டின்னுக்குள் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். டின்னை இரவு போர்வைக்குள் வைத்திருந்தால் காலைத் தேத்தண்ணிக்குச் சரி. சோறு, பருப்பு என்று இறங்கினால் பாதியில் காலை வாரிவிடும். சுடரின் சூட்டை டின்னுக்குக் கடத்தும் தகடு வைத்த மொடல்களும் உண்டு. இந்த வகையில்தான் வாங்குவது என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்குப் போட்டி, குட்டையான டின்னின் தலையில் திருகிப் பூட்டுகிற சின்ன அடுப்பு. நல்ல டின்களில் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். ஐசோபியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய -12 பாகையில், புரொப்பேன் -42 பாகையில். நுவரெலியாக் குளிர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே குறை, புரொப்பேன் முந்திக்கொண்டு எரிந்துபோவதால் டின் முடியப்போகும் நேரத்தில் சுடர் தளரும். அப்போது டின்னை ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிற்கவைத்தால் மறுபடி எழும்பும். படுக்கவைத்த டின்னுக்கு இந்த வித்தை வாய்க்காது. கொதிநீர் மட்டும் வேண்டாம். காற்றுக்கு மறைப்புத் தகடு வைக்கிறேன் என்று அடுப்பையும் டின்னையும் சேர்த்து மூடிவிடுவதும் ஆபத்து, டின் சூடேறி வெடிக்கலாம். மட்டக்களப்பில் நினைத்த கடையில் கிடைக்கிற சாமான் இல்லை இது, விலையும் கடிக்கும். திருகுகிற டின் எல்லாமே கலவை என்றும் நம்ப வேண்டாம், லேபிளை வாசியுங்கள்.

காசு மிச்சம் என்று வீட்டுச் சிலிண்டரிலிருந்து பியூட்டேன் டின்னை நிரப்புகிற வேலையும் நடக்கிறது. வீட்டுக் காஸில் புரொப்பேனும் இருப்பதால் அழுத்தம் கூட. அந்த மெல்லிய தகரம் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

குடும்பமாக வானில் போகிறவர்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை என்பேன். 5 கிலோ வீட்டுச் சிலிண்டரும் ஒற்றை பேர்னரும் போதும். பியூட்டேன்தான் அதிகம் என்றாலும் கூடவே புரொப்பேன் இருக்கிறது. திரவமும் நிறைய என்பதால் சின்ன டின் மாதிரிச் சட்டென்று குளிர்ந்துவிடாது. எங்கள் பக்கத்து ஆட்கள் இப்படித்தான் வழியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். பின்னே, கருவாட்டுக் குழம்பை எந்த ஹோட்டலில் போய்க் கேட்பது? சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், பருப்பு அவிய நேரம் எடுக்கும். பிரஷர் குக்கர் கொண்டுபோனால் காஸ் மிஞ்சும்.

பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பைப் பழசு என்று ஒதுக்கக் கூடாது. அழுத்தத்தை நம் கைதான் கொடுக்கிறது, குளிர் அதை அசைக்காது. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் அடிக்கிற கரையோரத்தில் எரிபொருளுக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் ஸ்பிரிட் ஊற்றி முன்சூடு காட்ட வேண்டும், புகையும் மணமும் சட்டியோடு வரும், சாமான் பையில் கசிந்தால் அரிசி போச்சு. எட்டுப் பத்துப் பேர் முதுகில் சுமந்து நடக்கிற முகாமுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். இரண்டு மூன்று பேர் என்றால் கலவை டின்.

எதை எடுத்தாலும் மழை தூறுகிறது, குளிர்கிறது என்று மூடிய கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டு ஆளைக் கொல்லும் நச்சு வாயு, அதற்கு மணமே கிடையாது.