வகுப்பா, சம்பளமா, நிரலாளர் நிதியா? கறுப்பினச் சமூகங்களில் பிட்காயினின் மூன்று வழிகள்

கறுப்பின அமெரிக்கர்களுக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற, வங்கி இல்லாமலே இணையத்தில் இயங்கும் மின்னணுப் பணம் பற்றிக் கற்றுத்தர வேண்டும் என்று சொல்பவர்கள் ஏராளம். அதற்குப் பணம் தர முன்வருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை எதில் போடுவது என்பதுதான் கேள்வி. கடந்த சில ஆண்டுகளில் மூன்று வழிகள் தெளிவாக உருவாகியிருக்கின்றன. புரூக்ளினில் நடந்த இலவச வகுப்பு ஒன்று. தென்னாப்பிரிக்கக் குடியிருப்பு ஒன்றில் பிட்காயினாகத் தரப்படும் சம்பளம் மற்றொன்று. ஆப்பிரிக்க நிரலாளர்களுக்கான அறக்கட்டளை மூன்றாவது. மூன்றும் நல்ல நோக்கம் கொண்டவை என்றாலும், மூன்றுக்கும் சம மதிப்பெண் தர எனக்கு மனம் வரவில்லை.

புரூக்ளினில் இருந்து தொடங்கலாம். ராப் கலைஞர் ஜே-ஸி வளர்ந்த இடம் மார்சி ஹவுசஸ் என்ற அரசுக் குடியிருப்பு. அவரும் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியும் 2022 ஜூன் மாதம் அங்கு 'பிட்காயின் அகாடமி' தொடங்கினார்கள். செப்டம்பர் வரை நடந்த வகுப்பு அது. குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கும் தனி வகுப்பு உண்டு. ஸ்மார்ட்ஃபோனும் இணைய வசதியும்கூடத் தந்தார்கள். பாடம் நடத்தியவர்களும் கறுப்பினத்தவர்களே. இதெல்லாம் பாராட்டத்தக்கது.

ஆனால் அது தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், வகுப்பு தொடங்கியபோது 20,000 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. வகுப்பு முடிந்த இரண்டே மாதத்தில் கிரிப்டோ வாங்கி விற்கும் எஃப்டிஎக்ஸ் சந்தை திவாலானது. மாத வாடகைக்கே திண்டாடும் குடும்பத்துக்கு இப்படி ஏறி இறங்கும் ஒன்றைச் சேமிப்பு வழியாக அறிமுகப்படுத்துவது பெரிய பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஒரு கோடைக்கால வகுப்பு தாங்குமா?

கறுப்பின அமெரிக்கர்கள் கிரிப்டோவில் பின்தங்கியிருக்கிறார்கள் என்ற எண்ணமும் சரியல்ல. ஏரியல், சார்லஸ் ஷ்வாப் ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் 2022இல் நடத்திய கணக்கெடுப்பில், கறுப்பின முதலீட்டாளர்களில் 25 விழுக்காட்டினர் கிரிப்டோ வைத்திருந்தார்கள்; வெள்ளையரில் 15 விழுக்காட்டினரே. அதாவது வாங்கத் தூண்டும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஏன் இவ்வளவு ஆர்வம் என்பதற்கு வரலாறு பதில் சொல்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865இல் நிறுவப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் வங்கி, 1874இல் மூடப்பட்டபோது ஏறத்தாழ 61,000 பேரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. பின்னர் வந்த பல பத்தாண்டுகளில், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் ஒதுக்கி வீட்டுக்கடன் மறுத்தார்கள். வங்கியை நம்பாதவர்களுக்கு வங்கி இல்லாத பணம் கவர்ச்சியாக இருப்பதில் வியப்பில்லை. அந்த வலியை விற்பனைக் கருவியாக்குபவர்களிடமிருந்து காப்பதுதான் அங்கு தேவைப்படும் கல்வி.

இரண்டாவது வழி தென்னாப்பிரிக்காவின் மோசல் பே ஊரில் இருக்கிறது. அங்குள்ள ஏழைக் குடியிருப்புச் சிறுவர்களுக்கு அலைச்சறுக்கு கற்பித்துவந்த தொண்டு அமைப்பிலிருந்து 2021இல் 'பிட்காயின் எகாசி' பிறந்தது. பயிற்றுநர்களுக்குச் சம்பளம் பிட்காயினாகத் தரப்பட்டது; அதை வாங்கிக்கொள்ளும்படி குடியிருப்பின் சிறு கடைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே மாணவர் கைக்காசை இழப்பதில்லை. உழைத்துப் பெற்றதைச் செலவிட்டே கற்கிறார். மார்சியைவிட இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கிறது. 2023 முதல் பிக் அண்ட் பே பல்பொருள் அங்காடிகளும் நாடெங்கும் பிட்காயின் ஏற்கத் தொடங்கியதால், அந்தப் பணம் குடியிருப்பைத் தாண்டியும் செல்லுபடியாகிறது. குறையும் உண்டு: இந்தச் சுழற்சி பெருமளவு வெளியார் நன்கொடையில் ஓடுகிறது. நன்கொடை நின்றால் எத்தனை கடைக்காரர்கள் தொடர்வார்கள் என்பதே உண்மையான தேர்வு.

மூன்றாவது பிடிரஸ்ட். 2021 பிப்ரவரியில் அதே ஜே-ஸியும் டோர்சியும் 500 பிட்காயினை இந்த அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள்; அன்றைய விலையில் இரண்டு கோடி டாலருக்கு மேல். முதலில் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ள பிட்காயின் மென்பொருள் உருவாக்கத்துக்கு என்று அறிவித்தார்கள். தாங்கள் எந்த உத்தரவும் இடப்போவதில்லை என்றும் சொன்னார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஒபி நுவோசு, ஒஜோமா ஒச்சாய், கார்லா கிர்க்-கோஹன், அபுபக்கர் நூர் கலீல் ஆகிய நால்வர் குழு பொறுப்பேற்றது. நைஜீரிய, தென்னாப்பிரிக்க வேர்கள் கொண்டவர்கள் இவர்கள். 2023இல், ஆப்பிரிக்கப் பொறியாளர்களைப் பயிற்றுவித்துவந்த காலா நிறுவனத்தையும் பிடிரஸ்ட் தன்னோடு இணைத்துக்கொண்டது.

இதன் பயன் சிலரையே நேரடியாகச் சென்றடைகிறது என்ற குற்றச்சாட்டு உண்மை. நிதியைப் பிட்காயினாகவே வைத்திருப்பதும் ஆபத்துதான். 2022 இறுதியில் அந்த 500இன் மதிப்பு எண்பது லட்சம் டாலர் அளவுக்குச் சரிந்தது. இருந்தும் என் வாக்கு இதற்கே. காரணம், ஆப்பிரிக்காவின் தேவை முதலீட்டில் தொடங்கவில்லை. 2020 அக்டோபரில் நைஜீரியக் காவல்துறை வன்முறைக்கு எதிரான போராட்டத்தில், பெமினிஸ்ட் கோயலிஷன் என்ற பெண்கள் அமைப்பின் வங்கி வழி நன்கொடைகள் தடைபட்டபோது அவர்கள் பிட்காயினில் நிதி திரட்டினார்கள். மறு பிப்ரவரியில் நைஜீரிய மத்திய வங்கி, கிரிப்டோ கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்கு ஆணையிட்டது. 2023 டிசம்பரில்தான் அந்த நிலைப்பாடு மாறியது. இத்தகைய சூழலில் கருவி யார் கையில் உருவாகிறது என்பது வாழ்வா சாவா கேள்வி.

மச்சன்குராவே இதற்குச் சான்று. தென்னாப்பிரிக்க நிரலாளர் கொதாட்சோ நாகோ 2022இல் உருவாக்கிய சேவை இது. சாதாரணப் பொத்தான் கைபேசியில், இணையமே இல்லாமல், குறியீட்டு எண்ணை அழுத்திப் பிட்காயின் அனுப்பலாம். கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தேவை எளிதில் தோன்றாது. இதிலும் இடர் இல்லாமல் இல்லை: பயனரின் பணத்தைச் சேவையே வைத்திருக்கிறது, தொலைபேசி நிறுவனங்கள் நினைத்தால் வழியை அடைத்துவிடலாம். இந்தக் குறைகளைத் தீர்க்கவும் அந்த மண்ணின் பொறியாளர்களே வேண்டும்.

ஆனால் எந்த வழிக்கு நிதி கொடுத்தாலும் ஒரு நிபந்தனை விதிப்பேன்: முதல் பாடம் மோசடியைப் பற்றியதாக இருக்க வேண்டும். நைஜீரியாவில் எம்எம்எம் என்ற மோசடி முதலீட்டுத் திட்டம் 2016 டிசம்பரில் சேர்ந்தவர்களின் பணத்தை முடக்கியது. தென்னாப்பிரிக்காவின் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற மோசடி நிறுவனம் உலகெங்கும் இருந்து 29,000க்கும் மேற்பட்ட பிட்காயின்களைத் திரட்டி 2020இல் சரிந்தது. அதில் சேர்ந்தவர்களுக்குப் பிட்காயின் வாங்கி அனுப்பத் தெரிந்திருந்தது. உத்தரவாத லாபம் என்று ஒருவர் சொன்னதும் எழுந்து வெளியேற வேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.