ஆர்.ஓ. மெஷின்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தபோது சென்னையில் எங்களுக்குப் போர் தண்ணியும் லாரித் தண்ணியும்தான் கதி. அப்போது வாங்கிய ஆர்.ஓ. (தண்ணீரிலுள்ள உப்பை வடிகட்டும் மெஷின்) இன்றும் நன்றாக ஓடுகிறது. தண்ணீர் ருசியாக இருக்கிறது, பருப்பும் சீக்கிரம் வேகிறது. அழுக்கை வடிகட்டும் கேண்டிலையும் உப்பைத் தடுக்கும் மெம்பிரேனையும் காலாகாலத்தில் மாற்றினால் தொந்தரவே இல்லை. நான் எழுத வந்தது அதன் பின்னால் தொங்கும் மெல்லிய கழிவுக் குழாயைப் பற்றி.

ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் அதன் வழியே போய்விடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 10 லிட்டர் என்றால் 30 லிட்டர் வெளியே. 40 வீடுகள் உள்ள அபார்ட்மெண்டில் மாதத்துக்கு 36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று! அந்த லாரிகளில் நிறைய திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து வயல்கிணறுகளில் நிரப்பிக்கொண்டு வருபவை. கிணற்றுக்காரருக்காவது காசு கிடைக்கும். பக்கத்து வயல்காரருக்கும் அங்கே நாற்று நடப் போகிறவர்களுக்கும் என்ன கிடைக்கும்? மீஞ்சூர் பகுதியில் பல பத்தாண்டுகளாக உறிஞ்சியதில் கடல்நீரே நிலத்தடியில் ஏறிவிட்டது. தண்ணீர் உப்பாக உப்பாக ஆர்.ஓ. வாங்குகிறோம், அது கொட்டுவதை ஈடுகட்ட இன்னும் உறிஞ்சுகிறோம்.

கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துகிறோம். செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். போர் தண்ணியில் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்ற அளவு) 900 என்றால் கழிவில் 1,200 அளவுக்கு இருக்கும். எங்கள் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது, கறிவேப்பிலையின் நுனி கருகியது.

கழற்றிய கேண்டில், மெம்பிரேன் எல்லாம் பிளாஸ்டிக். வாங்கிக்கொள்ள ஆளில்லை, சர்வீஸுக்கு வருகிறவரும் குப்பையில் போடத்தான் சொல்கிறார். சென்னைக் குப்பை போய்ச் சேருமிடம் கொடுங்கையூரும் பெருங்குடியும். அங்கே குப்பை எரியும்போது வரும் புகை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை சொற்பம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது. கழிவுத் தண்ணீரைக் குறைக்கவும் சொன்னது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, எவ்வளவு தண்ணீர் வீணாகும் என்று அட்டைப்பெட்டியின் முகப்பிலேயே பெரிதாகப் போட வைக்க வேண்டும்.

எங்களுக்கு இப்போது மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) ஒழுங்காக வருகிறது, மீட்டரில் 400-ஐத் தாண்டுவதில்லை. அதனால் அடுத்த மெம்பிரேன் வாங்கப்போவதில்லை. புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும், கழிவுத் தண்ணீரே இல்லாத யு.வி. ஃபில்டருக்கு மாறுகிறோம். போர் தண்ணி மட்டுமே உள்ள வீடுகளுக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான், ஆனால் வாளி வைக்க இடம் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.