1,850 பவுண் போச்சு: "பவுண்டேஷன் இயர் இடம் எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் கவனம்

இங்கிலாந்தில் இருக்கிற தமிழ்ப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இயர் 12 அல்லது 13-இல் படிக்கிறது என்றால் இதை வாசித்துவிட்டுப் போங்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பல்கலைக்கழக இடம் என்று சொல்லி என்னிடம் 1,850 பவுண் வாங்கினார்கள். இடமும் இல்லை, காசும் இல்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் பெயர் இல்லை. நம்மவர்கள் நடத்துகிற ஒரு "உயர்கல்வி வழிகாட்டல் நிலையம்", அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்கிறேன். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டிலுமே பவுண்டேஷன் இயர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிள்ளைக்குத் திறமை இருக்கும், ஆனால் வீட்டு நிலைமையாலோ, படிப்பு இடையில் குழம்பியதாலோ மற்றப் பிள்ளைகள் அளவுக்குப் புள்ளிகள் வந்திருக்காது. அப்படியான பிள்ளைகளை எடுத்து ஒரு வருடம் தயார்படுத்தி, அதில் நன்றாகச் செய்தால் பட்டப்படிப்புக்குள் விடுகிற வழி இது. கேம்பிரிட்ஜில் முதல் மாணவர்கள் 2022-இல் வந்தார்கள், ஒக்ஸ்போர்டில் 2023-இல். அதற்கு முன்பே, 2016-இல், ஒக்ஸ்போர்டின் லேடி மார்கரெட் ஹோல் கல்லூரி சிறிய அளவில் செய்து பார்த்திருந்தது. படிப்புக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இடங்கள் கொஞ்சம், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஐம்பது பேர் அளவுக்குத்தான்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னதே அந்த நிலையத்துத் தம்பிதான். சொன்ன அத்தனையும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்டபத்தில் "இலவசக் கருத்தரங்கு". பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். அந்தத் தம்பி மகளின் பாடசாலை ரிப்போர்ட்டை வாங்கி, அவசரப்படாமல் ஒவ்வொரு பாடமாகப் பார்த்தார். ஆங்கில ஆசிரியர் எழுதிய குறிப்பைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "இலவசப் பாடசாலை உணவு கிடைக்கிறதா அக்கா?" என்று கேட்டார். கிடைக்கிறது என்றேன். அதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "இனி அதுதான் அக்கா உங்கள் பிள்ளையின் பலம். இந்த இடம் இவளைப் போல ஆட்களுக்கென்றே வைத்தது" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சட்டம் படிக்க விருப்பம், ஒக்ஸ்போர்டின் பவுண்டேஷன் இயரில் சட்டமும் இருக்கிறது. எங்கள் நிலைமையை ஒருவர் குறையாகப் பார்க்காமல் பேசியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அந்த ஒரு வசனத்துக்குத்தான் 1,850 பவுண்.

"விண்ணப்பம், பேர்சனல் ஸ்டேட்மென்ட் (பிள்ளை தன்னைப் பற்றி எழுதிக் கொடுப்பது), நேர்முகப் பயிற்சி, இடம் எடுத்துத் தருவது எல்லாம் சேர்த்து" என்றார்கள். இடம் எடுக்கத் தங்களுக்கு உள்ளே ஆள் தொடர்பு இருக்கிறது என்று ஒரு கண்சிமிட்டல் வேறு. சீட்டு எடுத்த காசு அப்படியே கையில் இருந்தது. அன்றே கையெழுத்து, அடுத்த நாள் வங்கி மூலம் அனுப்பினேன்.

அந்த 1,850 பவுணுக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மகளின் யூகாஸ் (பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற இணையதளம்) பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார்கள். "நீங்கள் கை வைத்தால் குழம்பிவிடும்" என்று சொல்லி அவளை உள்ளே போகவே விடவில்லை. ஜனவரி நெருங்கும்போது பாடசாலையில் ஆசிரியை கேட்டிருக்கிறார், உன் விண்ணப்பம் ஏன் இன்னும் எங்களிடம் வரவில்லை என்று. ஆசிரியர் பரிந்துரை பாடசாலை வழியாகத்தானே போக வேண்டும்? அப்போதுதான் ஆசிரியையோடு உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனாள். ஒக்ஸ்போர்ட் அதில் இல்லவே இல்லை. கேம்பிரிட்ஜும் இல்லை. ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் பிசினஸ் மேனேஜ்மென்ட், பவுண்டேஷன் இயரோடு. சட்டம் என்ற சொல்லே எங்கும் காணோம்!

பேர்சனல் ஸ்டேட்மென்டில் இன்னும் கூத்து. இந்த 2026 சேர்க்கையில் இருந்து அது மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற முறைக்கு மாறிவிட்டது. அவர்கள் பழைய கட்டுரை ஒன்றை மூன்றாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். "சிறுவயதில் இருந்தே அப்பாவின் கடையில் கணக்குப் பார்த்து வளர்ந்தேன்" என்று ஒரு வரி. எங்களுக்கு எந்தக் கடையும் இல்லை. யூகாஸ் எல்லாருடைய ஸ்டேட்மென்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும், ஒத்துப்போனால் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கும். இதை அனுப்பியிருந்தால் திருடிய எழுத்து என்ற பழி என் பிள்ளை தலையில் விழுந்திருக்கும்.

அந்தக் கல்லூரி ஏன்? ஆசிரியை விளக்கினார். பெரிய பல்கலைக்கழகத்தின் படிப்பை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துகிற இடங்கள் சில இருக்கின்றன, ஆள் பிடித்துக் கொடுத்தால் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கிறவையும் அவற்றில் உண்டு. இப்படியான கல்லூரிகளுக்குப் போகிற மாணவர் கடன் பற்றி தேசியக் கணக்காய்வு அலுவலகமே 2024 ஜனவரியில் அறிக்கை விட்டிருக்கிறது. ஆக என்னிடமும் 1,850, அங்கேயும் கமிஷன் என்றுதான் எனக்குப் படுகிறது. பிசினஸ் போன்ற வகுப்பறைப் பாடங்களின் பவுண்டேஷன் இயருக்கு 2025-26 முதல் கட்டணத்தின் உச்ச வரம்பு வருடத்துக்கு 5,760 பவுண். இலவசமாகப் படிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போய், அந்தக் கட்டணத்துக்காக என் மகளை மாணவர் கடனில் இறக்கப் பார்த்தார்கள்.

பிறகு நடந்த இழுத்தடிப்பைக் கேளுங்கள். முதலில் "பிராசஸில் இருக்கு அக்கா, பொறுங்கோ." அப்புறம் "அவர் லீவு." அப்புறம் என் மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. வேறு நம்பரில் இருந்து எடுத்தபோது "மேனேஜர்" என்று ஒருவர் வந்தார். இதுவரை அக்காவாக இருந்த நான் அன்று "மேடம்" ஆனேன். "நாங்கள் வழிகாட்டல் மட்டும்தான் மேடம், உத்தரவாதம் ஒன்றும் இல்லை, படிவத்தில் இருக்கிறது பாருங்கள்." பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இருக்கிறதுதான். மகளின் புள்ளிகள் போதாது என்றும் சொன்னார். அவளுக்கு ஏ-லெவலில் மூன்று பி (பிபிபி) வரும் என்று பாடசாலையில் எதிர்பார்க்கிறார்கள், கேம்பிரிட்ஜ் பவுண்டேஷன் இயருக்குக் கேட்ட 120 யூகாஸ் புள்ளி அதுதான். கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த வருடம் அவர்களுடைய டியூஷனில் 200 பவுண் கழிவு தருகிறார்களாம்.

1,850 பவுணைக் கொண்டுபோனவன் எனக்கு 200 பவுண் கழிவு தருகிறான்.

வங்கியில் கேட்டால், இது மோசடி இல்லை, சேவை பற்றிய தகராறு என்கிறார்கள். நான் விடவில்லை, எழுத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸில்தான் ஒரு உருப்படியான விஷயம் சொன்னார்கள். வியாபார இடத்துக்கு வெளியே, மண்டபம் போன்ற இடத்தில் கையெழுத்து வாங்கினால் பொதுவாக 14 நாளுக்குள் ரத்துச் செய்ய உரிமை உண்டு. அந்த உரிமையை அவர்கள் எழுத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் காலம் இன்னும் நீளும். எனக்கு எழுத்தில் ஒன்றும் தரவில்லை. அதை வைத்துக் கடிதம் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

மற்றவர்களுக்கு விவரமாக எழுத இருந்தேன், நைட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக:

இந்த இடங்களை யாரும் விற்க முடியாது. யூகாஸ் கட்டணம் முப்பது பவுணுக்கும் குறைவு, இலவசப் பாடசாலை உணவு பெறுகிற பிள்ளைக்கு அதுவும் இல்லை. பாஸ்வேர்டைப் பெற்றதாயே கேட்டாலும் பிள்ளை கொடுக்க வேண்டாம். முதலில் பாடசாலை ஆசிரியரிடம் போங்கள், காசு கேட்க மாட்டார். நூறு பவுணுக்கு மேல் எதற்காவது கட்டத்தான் வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கி மாற்றல் வேண்டாம், கார்டுக்காரரிடமும் திருப்பிக் கேட்க வழி இருக்கும்.

ஆசிரியை மகளோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் புதிதாக எழுதி, கடைசித் தேதிக்குள் அனுப்பிவிட்டார். ஒரு சதமும் செலவில்லை. அந்த ஆட்கள் இந்த மாதமும் ஒரு இலவசக் கருத்தரங்கு வைக்கிறார்களாம், நோட்டீஸ் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே சுற்றுகிறது. உங்களுக்கும் வந்தால் அதன் கீழே இந்தப் பதிவைப் போட்டுவிடுங்கள்.