பிரேக்கைப் பற்றிக் கேட்காத கடையில் ரிம்மைக் கொடுக்காதீர்கள்

பழைய சைக்கிள் ரிம்முக்குப் பவுடர் கோட்டிங், அதாவது வண்ணத் தூளை அடித்துச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு, போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். நான் பட்டது போதும்.

என்னுடையது அலுமினிய ரிம். பல வருட ஓட்டத்தில் பளபளப்பு போய், ஸ்போக் துளைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கோட்டிங் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன கலர் சார்?" என்றார். கறுப்பு என்றேன். "பளபளப்பா, மேட்டா?" மேட் என்றேன். "ஆயுசுக்கும் உரியாது, கவலைப்படாமல் போங்க." அவ்வளவுதான் பேச்சு. டிஸ்க் பிரேக்கா, ரிம்மைக் கவ்வும் பிரேக்கா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வந்தபோது அழகாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். சக்கரம் கட்டும்போதே மெக்கானிக் முணுமுணுத்தார். ஸ்போக்கை ரிம்மில் பிடித்து இறுக்கும் குட்டி நட்டான நிப்பிள் சரியாக உட்காரவில்லையாம். எப்படியோ கோட்டம் எடுத்துக் கொடுத்தார். நான்கே நாளில் ஸ்போக்குகள் தளர்ந்து 'டிக் டிக்' என்று சத்தம். துளைக்குள்ளும் தூள் போய் உருகிப் படிந்திருந்திருக்கிறது. ஸ்போக் இழுக்க இழுக்க அந்தப் பூச்சு நசுங்கும், இறுக்கம் குறையும். நிப்பிள் உட்காரும் இடம், வால்வு ஓட்டை, டயர் விளிம்பு உட்காரும் உட்புறம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டுமாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிரேக் கதை இதைவிட மோசம். முதல் நாள் வெறும் கீச்சுச் சத்தம். அப்புறம் பிரேக் கட்டையில் கறுப்பு மெழுகு போல ஏதோ அப்பிக்கொண்டது. இரண்டாவது வாரம் ரிம்மின் பக்கவாட்டில் கறுப்பு திட்டுத் திட்டாகப் போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. பூச்சு இருக்கும் இடத்தில் கட்டை வழுக்கும், இல்லாத இடத்தில் கவ்வும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு. தூறலில் ஓர் இறக்கத்தில் இரண்டு லீவரையும் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. காலை ஊன்றித்தான் நிறுத்தினேன்.

பவுடர் கோட்டிங் கெட்டது என்று சொல்ல வரவில்லை. டிஸ்க் பிரேக் வண்டிக்கு, துளைகளை ஒழுங்காக மறைத்து அடித்தால், நல்ல பூச்சுதான். ஆனால் அது உலோகத்தின் மேல் 60 முதல் 100 மைக்ரான் வரை உட்காரும் பிளாஸ்டிக் தோல். கட்டை தேய்க்கும் இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? அனோடைசிங் வேறு மாதிரி. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுகிறார்கள். தோல் போல உரிந்து வராது. அதுவும் கட்டை படும் இடத்தில் மெல்ல மெல்லத் தேயத்தான் செய்யும். அதனால்தான் பல ரிம்களில் அந்தப் பட்டையை மட்டும் கடைந்து வெறும் அலுமினியமாக விட்டிருப்பார்கள். இரும்பு ரிம்மின் குரோம் முலாம் துருவைத் தடுக்கும், ஆனால் நனைந்தால் பிரேக் பிடிக்காது. கார்பன் ரிம்மை இந்தக் கடைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பவுடரை உருக்க 180, 200 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். கார்பனைப் பிடித்திருக்கும் பிசினுக்கு அது ஆகாது.

சரி, என் ரிம்முக்கு வருகிறேன். கடைக்குப் போய்க் காட்டினேன். "நீங்கள் கேட்டதைத்தானே போட்டோம்" என்றார். கொஞ்சம் குரலை உயர்த்தியதும், இலவசமாக இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன் என்று இறங்கி வந்தார். உரிவதன் மேலேயே இன்னொன்றாம்! வேண்டாம் என்று எடுத்து வந்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, பக்கவாட்டை நானே சுரண்டினேன்.

அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. கட்டை படும் பட்டையில் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளக் கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். ரிம் தேய்ந்துவிட்டதா என்று சொல்லும் அடையாளம் அது. கோடு மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும். என் ரிம்மில் பாதிச் சுற்றுக்கு நகத்தை வைத்தால்கூடத் தட்டுப்படவில்லை. மிச்சப் பாதியில் லேசாகத் தட்டுப்பட்டது, அதையும் தூள் நிரப்பியிருந்தது. சாகக் கிடந்த ரிம்முக்குத்தான் கறுப்புச் சாயம் பூசி, காற்றடித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் போயிருக்கிறேன். டியூப் அழுத்தத்தில் பக்கச் சுவர் பிளந்திருந்தால் காலை ஊன்றக்கூட நேரம் இருந்திருக்காது.

மறுபடி கடைக்குப் போய், கோடு மிச்சமிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது டிசைன் இல்லையா சார்?"